நாற்பத்தொன்றாம் கேள்வி

லியெபாயாவில் டிராம் பாதை ஒன்றே ஒன்று.
கடைசி நிறுத்தத்தில் பள்ளி,
பள்ளியின் கடைசி அறையில் நான்,
டாக்னியா,
குழந்தைகளை அளப்பவள்.

துணி அளப்பதைப் போலத்தான்.
அறுபது கேள்வி, நாற்பது நிமிடம்,
அ, ஆ, இ, ஈ:
நான்கில் ஒன்றைச் சுழிக்க வேண்டும்.
மேலே வருபவர்களைப் பற்றி ரீகாவுக்கு எழுதுவேன்,
கீழே நிற்பவர்களைப் பற்றி மருத்துவருக்கு.
நடுவில் இருப்பவர்களுக்கு
ஒரு நீல முத்திரை: இயல்பு.

ஆஸ்னாதே, எட்டு வயது,
முப்பத்தொன்று.
ஆசிரியையின் குறிப்பு:
"கவனம் போதாது. எழுதியதை அழிக்கிறாள்,
மறுபடி எழுதுகிறாள், மறுபடி அழிக்கிறாள்,
வகுப்பே முடிக்கும்வரை."

முத்திரையை எடுத்தேன்.
பிப்ரவரி; மை இறுகிக் கிடந்தது.
ஹீட்டர் மேல் வைத்துவிட்டுக் காத்திருந்த
அந்தப் பத்து நிமிடம் இல்லையென்றால்
எனக்கு ஒன்றும் தெரிந்திருக்காது.

சும்மா இருந்த கண்
தவறுகளின் மேல் போனது.
ஆ சரியென்றால் அவள் இ.
இ சரியென்றால் ஈ.
ஈ என்றால் சுற்றிவந்து அ.
இருபத்தெட்டுத் தவறும்
உண்மைக்கு அடுத்த வீட்டில்.
ஒருமுறைகூடக் கதவு மாறித் தட்டவில்லை.

இத்தனை ஒழுங்காகப் பொய் சொல்ல
எவ்வளவு தெரிந்திருக்க வேண்டும்!
குடத்திலிட்ட விளக்குத்தான்.
ஆனால் குடத்தை எடுத்துத்
தன்மேல் கவிழ்த்துக்கொண்டது
விளக்கே.

நாற்பத்தொன்று மட்டும் வெற்று.

கூப்பிட்டேன். வந்தாள்.
ஒரு கையுறை பழுப்பு, மற்றது பச்சை.
நாற்காலியில் உட்காராமல்
அதன் முதுகைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"எது கஷ்டமாக இருந்தது?"

"நாற்பத்தொன்று.
அதில் ஆவும் சரி, இயும் சரி.
ஆவை வைத்துத் தப்பினால் இ, அது சரியாகிவிடும்.
இயை வைத்துத் தப்பினால் ஈ.
எதை வைத்துத் தப்புவது என்று தெரியவில்லை."

சொல்லி முடித்த பிறகுதான்
சொன்னது அவளுக்கே கேட்டது.
பச்சைக் கையுறை
வாயைப் பொத்தியது.

நான் சிரித்திருக்கக் கூடாது.

பிறகு அவள் கண் போன திசையில் பார்த்தேன்:
சுவரில் நான் மாட்டிவைத்த புகைப்படங்கள்,
ரீகாவுக்குப் போன என் பிள்ளைகள்.
மூன்றாவது வரிசையில் ரைவிஸ், ஐம்பத்தெட்டு.
அதே நெற்றி. அதே குடும்பப் பெயர்.
அவன் அறிக்கையை நான்தான் எழுதினேன்,
ஆச்சரியக்குறியோடு.

"அவன் கட்டிலில் இப்போது துணி காய்கிறது,"
என்றாள் ஆஸ்னாதே.
"அம்மாவுக்கு மீன் ஆலையில் இரவு வேலை.
போனில் அண்ணன்
நன்றாக இருக்கிறேன் என்று மூன்று தடவை சொல்வான்.
நாலாவது தடவை சொன்னால்
அழப்போகிறான் என்று அர்த்தம்."
கொஞ்சம் யோசித்து,
"இந்த மாதம் இரண்டு தடவை நாலு."

வெளியே டிராம் திரும்பும் கீச்சொலி.

"கண்டுபிடித்துவிட்டால்
எடுத்துக்கொண்டு போகத்தான் வேண்டுமா?"

பன்னிரண்டு ஆண்டாகக் கேள்வி கேட்டவள் நான்.
என்னிடம்
அ இல்லை, ஆ இல்லை.

அவள் போய்விட்டாள்.
முத்திரையின் மை உருகி
ஹீட்டர் மேல் நீலமாக வழிந்திருந்தது.
துடைத்தேன். முழுதும் போகவில்லை.

அன்றிரவே ரீகாவுக்கு இரண்டு கடிதம் எழுதினேன்.
ஒன்று விடுதிக்கு: ரைவிஸ் என்ற பையனிடம்
யாராவது மதிப்பெண் தவிர
வேறு ஏதாவது கேளுங்கள்.
இன்னொன்று தேர்வுத் துறைக்கு:
நாற்பத்தொன்றாம் கேள்விக்கு
இரண்டு சரியான விடைகள் இருக்கின்றன;
பன்னிரண்டு ஆண்டில்
ஒரு குழந்தை கவனித்திருக்கிறது,
நான் கவனிக்கவில்லை.

பதில் வரவில்லை இன்னும்.

அவள் தாளில்
முத்திரைக்கான கட்டம் காலி.
மேசை இழுப்பறையில் இருக்கிறது.
தினமும் காலை
திறந்து பார்க்கிறேன்,
மூடுகிறேன்,
டிராமிலிருந்து இறங்கும் பிள்ளைகளில்
பழுப்பும் பச்சையுமாய் ஒரு ஜோடிக் கையைத்
தேடுகிறேன்.