ஆறு கிலோ

பரதராமி தாண்டி, புளியமரத்து நிழலில்
குட்டியானையை நிறுத்தி
இரண்டு சைக்கிள்களை இறக்கினார் முனிரத்தினம்.
ஒன்று சாம்பல் நிறம். ஒன்று செங்கல்.
இரண்டுக்கும் முன்னால் பின்னால் சாக்.
விலையை வாயால் சொல்லவில்லை,
செல்போனில் தட்டிக் காட்டினார்.
பூஜ்ஜியங்களை எண்ணி முடிப்பதற்குள்
திரை அணைந்துவிட்டது.

"வெயிட் எவ்ளோ மேடம்?"
கையில் காற்றுப் பம்பு.
அறுபத்தெட்டு, என்றேன்.
அரசு மருத்துவமனை எக்ஸ்ரே அறையில்
மூச்சை இழுத்துப் பிடிங்க, அசையாதீங்க என்று
பதினோரு வருடமாக அடுத்தவர் எலும்பைப் பார்ப்பவள்
தன் எடையில் ஆறு கிலோவுக்கு மட்டும்
துப்பட்டா போட்டு மூடினேன்.

சாக்கின் தண்டில் ஒரு ரப்பர் வளையம்,
குழந்தை மோதிரம் அளவு.
அதை மேலே தள்ளிவிட்டு
ஏறி உட்காருங்க, ஆடாம இறங்குங்க, என்றார்.
இறங்கினேன்.
வளையம் போய் நின்ற இடத்தைக்
குனிந்து பார்த்தார்.
என்னைப் பார்க்கவில்லை.
நல்ல மனுஷன்.

"கீழ எல்லைக்கல் இருக்கு. அதைத் தாண்டாதீங்க."

முதலில் சாம்பல்.
குவாரி லாரிகள் கைவிட்ட பாதை,
மழை அறுத்த வாய்க்கால், உன்னிப் புதர்,
ராத்திரி வந்துபோன நிஜ யானையின் விட்டை
இன்னும் காயாமல்.
கல்லின்மேல் கல்லாகக் கிடந்த சரிவில்
ஒரு கல்கூட என்னிடம் வரவில்லை.
யாரோ போகிற பாதையை
மெத்தையில் சாய்ந்து வேடிக்கை பார்த்த மாதிரி இருந்தது.
நின்றபோது செல்போன் சிணுங்கியது.
ஆந்திரப் பிரதேசத்துக்கு வரவேற்கிறார்கள்.
கல்லை எப்போது தாண்டினேன்?
மாந்தோப்பில் சொட்டுநீர்க் குழாயைக் குத்திக்கொண்டிருந்தவள்
"எக்கடிக்கி?" என்றாள்.
தெரியலைங்க, என்றேன்.
அதற்குத் தெலுங்கு வேண்டியிருக்கவில்லை போல,
தலையாட்டினாள்.

அடுத்து செங்கல்.
முதல் வளைவு சரி. இரண்டாவதில்
முழங்கால் உயரப் பாறையிலிருந்து இறங்க,
டங்.
சாக் அடிமுட்டிய சத்தம்
இடுப்பில் நாலாவதுக்கும் ஐந்தாவதுக்கும் நடுவே வந்து
கையெழுத்துப் போட்டது.
தெரிந்த இடம்தான்.
தறிக்காரர்களுக்கும் லாரி டிரைவர்களுக்கும்
விளக்குப் பெட்டியில் தினமும் நான் பார்ப்பது:
நடுவிலிருந்த மெத்தை தேய்ந்து
எலும்பும் எலும்பும் நேரே பேசிக்கொள்ளும் இடம்.
அப்போதுதான் உறைத்தது,
சாம்பல் நிறத்தவன்
கற்களோடு சேர்த்து என் பொய்யையும் விழுங்கியிருக்கிறான்.

தள்ளிக்கொண்டே மேலே வந்தேன்.
எழுபத்து நாலு, என்றேன்.
"தெரியும். எழுபத்தஞ்சுன்னு வெச்சுக்கலாம்,
ஹெல்மெட் இருக்குல்ல."
பம்பு பன்னிரண்டு தடவை ஏறி இறங்கியது.
எண்ணினேன்.

மறுபடி அதே சரிவு.
இப்போது ஒவ்வொரு கல்லும் வந்தது,
வாசல்வரை வந்து
பெயரைச் சொல்லிவிட்டுப் போனது.
அடிமுட்டிய பாறையில்
பல்லைக் கடித்துக்கொண்டு இறங்கினேன்; ஒன்றுமே இல்லை.
அப்புறம் முன்சக்கரம் எதிலோ லேசாக இடித்து
இதோ, என்றது.
பிரேக். ஒரு கால் ஊன்றினேன்.
சுண்ணாம்பு உதிர்ந்த கல். தலையில் மைனா எச்சம்.
செல்போன் சும்மா இருந்தது.
அந்தப் பக்கத்திலிருந்து மாந்தோப்புக்காரி
குழாயோடு கையை உயர்த்தினாள்.

"சாம்பல்தான் மேடம் எல்லாரும் கேக்குறாங்க.
சூப்பரா போகும்."
போகுதுங்க. என்னை விட்டுட்டுப் போகுது.
செங்கலையே எழுதிக்குங்க.

ரசீதில் எடை என்ற கட்டத்தை
என்னைக் கேட்காமலே நிரப்பினார்.
முன்பணம் பத்தாயிரம் அனுப்பினேன்.
சுற்றியது, சுற்றியது, போகவில்லை.
சிக்னல் ஒரே கட்டை, அதுவும் அவர்களுடையது.
குட்டியானையின் முதுகில் ஏறி
இரண்டு பேரும் செல்போனைத் தூக்கிப் பிடித்தபடி
நம்ம ஊர் டவரைத் தேடிக்கொண்டிருந்தோம்,
வெயில் இறங்கும்வரை.