இருபத்தாறு காட்டிய பால்

காலை ஐந்தரை. ஒட்டுசுட்டான் பால் சேகரிப்பு நிலையம்.
முதல் கானை இறக்கிய யோகறஞ்சன் அண்ணை
சைக்கிளை நிறுத்த முதலே கேட்டார்:
"பிள்ளை, இண்டைக்கு ஆருக்கு?"
லக்ரோமீற்றரைப் பாலுக்குள் விட்டேன்.
இருபத்தொன்பது. நல்ல பால்.
"உங்கட மாட்டுக்குத்தான்" என்றேன்.
சிரித்தார். ஆனால் விடவில்லை,
கொப்பியில் கையெழுத்து வைக்கும்வரை
என் முகத்தையே பார்த்தபடி நின்றார்.

எங்கட வீட்டில் வாக்கு பிரிக்காத காணிமாதிரி.
ஐயா சொல்லுவார், எல்லாரும் புள்ளடி போடுவம்.
ஐயாவுக்குப் பிறகு அண்ணன் சொன்னான்.
இந்தமுறை அண்ணனே பட்டியலில்.
பூட்டுச் சின்னம்.

முகாம் வேலிக்குள் நிற்கிற எங்கட இரண்டு தென்னையைப் பற்றி
அவன் மேடையில் சொல்வதில் பொய்யில்லை.
அந்தத் தென்னை எனக்கும்தான்.
ஆனால் சபையின் குப்பை ட்ரக்டரில் போகிற பெடியளுக்கு
எட்டு மாதமாய்க் கையுறை இல்லை என்றால்
"அது சின்ன விசயம்" என்கிறான்.
சின்ன விசயத்துக்குத்தானே அண்ணா
பிரதேச சபை?

கொழும்பிலிருந்து வந்தவர்களுக்கு மண்வெட்டி.
விலைவாசி, ஊழல், எல்லாம் சரியாய்ச் சொன்னார்கள்.
தமிழும் பரவாயில்லை.
எழும்பிக் கேட்டேன்:
காணாமல் போன என் மைத்துனன்
உங்கட நோட்டீசில் எந்தப் பக்கம்?
பேசியவர் நோட்டீசைத் திருப்பிப் பார்த்தார்.
பின்பக்கம் வெறும் வெள்ளை.

மிச்சம் கேத்தில். சுயேச்சைக் குழு. வதனரூபி.
எழுபத்தேழில் மலையில் அடிபட்டு வந்து
இங்கே காடு வெட்டியவர்களின் பேத்தி.
வெட்டிய காணிக்கு இன்னும் பேமிற் இல்லை.
நுண்கடன்காரன் என் கட்டிலில் குந்தி
கிழமைக் காசு தந்தால்தான் எழும்புவன் என்ற அன்று
பதின்மூன்று பெண்களோடு வந்து
ஒரு தகாத வார்த்தையும் இல்லாமல்
அவனை எழுப்பி அனுப்பினவள்.

அண்ணன் அவளுடைய ஆட்களைச் சொல்கிற சொல் ஒன்று உண்டு.
இங்கே எழுதமாட்டேன்.
அதற்கு நானும் ஒருகாலம் சிரித்திருக்கிறேன்,
அதை மட்டும் எழுதுகிறேன்.

அப்படியென்றால் முடிவு லேசு என்று நினைப்பீர்கள்.
போன செவ்வாய் அவளின் போஸ்டர் கட்டுகளை இறக்கியது
ஆற்று மண் ஏற்றுகிற டிப்பர்.
போய்க் கேட்டேன்.
"ஆற்ற வாகனமெண்டு பாக்கிற வசதி எனக்கில்லை அக்கா."
கொஞ்சம் பொறுத்து,
"பாத்திருக்க வேணும்."

இருபத்தாறு.
இருபத்தாறு காட்டுகிற பாலை நான் கொட்டச் சொல்வதில்லை.
விலை குறைத்து எழுதுவேன்,
அடுத்த நாள் முதலில் அந்தக் கானைத்தான் திறப்பேன்.

நாலாம் வகுப்பு அறையில் வாக்குச் சாவடி.
சுவரில் ஏழாம் வாய்ப்பாடு.
என் பெயரை உரத்து வாசித்தார்கள்,
அண்ணனின் முகவர் நிமிர்ந்து பார்த்து
பென்சிலால் ஏதோ கோடு கீறினான்.
மட்டைத் தடுப்புக்குப் பின்னால்
பேனை முதலில் பூட்டுக்கு மேல்தான் போனது.
மாத்தளனில் பங்கருக்குள்
செல் விழவிழ என்மேல் படுத்துக் கிடந்தவன் அவன்.
அவன் முதுகில் இன்னும் இருக்கிறது
எனக்கு வரவேண்டிய இரும்பு.
அந்தக் கடனுக்கு எந்தப் பெட்டியில் போடுவது?
வெளியே யாரோ இருமினார்கள்.
கேத்திலுக்குப் பக்கத்தில்
இரண்டு கோடும் ஒன்றையொன்று வெட்டிக்கொண்டன.

மாகாண சபைக்கு எப்போது என்று
வரிசையில் ஒருவருக்கும் தெரியவில்லை.
வரட்டும். அதற்குள் அவளிடம்
மண் கணக்குக் கேட்க வேண்டும்,
வென்றாலும், தோற்றாலும்.

பின்னேரம் அண்ணன் வந்தான்.
விரலைப் பார்த்தான். ஒன்றும் கேட்கவில்லை.
"தேத்தண்ணி வை" என்றான்.
அடுப்பில் கேத்திலை வைத்தேன்.
கொதிக்கும்வரை அதையே பார்த்துக்கொண்டிருந்தான்.
சீனி எவ்வளவு என்று எனக்குத் தெரியும்.
இருந்தும் கேட்டேன்.