அனுமதியின்றி மூடப்பட்ட குழி

அந்தக் கடிதத்தைத் தட்டச்சு செய்தவள் நான்தான்.
'அன்புள்ள திரு. டோலெஃப்சன்' என்று தொடங்கி
'தங்கள் உண்மையுள்ள' என்று முடித்தேன்.
நடுவில், மூன்றாம் தெருவில் இருந்த குழியை
நகரசபை அனுமதியின்றித் தன் சொந்தத் தாரால் மூடியதற்கு
எண்பத்தைந்து டாலர் அபராதம்.

வெர்ன் கட்டினார். சில்லறையாக,
நாலு காப்பி டப்பாக்களில்.
எண்ணி முடிக்க மதியமாகிவிட்டது.
"எண்ணிய நேரத்துக்கும் என் வரியில்தான் சம்பளம், லினெட்"
என்று சொல்லிவிட்டு
ரசீது வாங்காமல் போனார்.
மறுவாரம் வேட்புமனுவோடு வந்தார்.

அக்டோபர் கடைசி. முதல் பனி, ஒட்டாத பனி.
கழிவுத்தொட்டி உறிஞ்சும் லாரியை
என் வாசலில் நிறுத்திவிட்டுக் கதவைத் தட்டினார்.
கையால் எழுதிய அட்டை ஒன்று கொடுத்தார்:
*குறைவாகச் செய். ஒழுங்காகச் செய்.*

"அரசாங்கம் இந்த லாரி மாதிரி இருக்கவேண்டும்.
கூப்பிட்டால் வரவேண்டும்,
வந்த வேலையை முடித்துவிட்டுக் கிளம்பவேண்டும்.
சாப்பாட்டு மேசையில் வந்து உட்காரக்கூடாது."

ஆற்றில் போட்டாலும் அளந்து போடவேண்டும்.
பிர்ச் லேண்டிங் சபையோ நிஜமாகவே ஆற்றில் போட்டது:
அறுபதாயிரம் டாலருக்குப் படகுத்துறை.
ஏப்ரலில் பனிக்கட்டி உடைந்தபோது
துறையும் கூடவே போய்விட்டது,
இரண்டு பெஞ்சுகளோடும் திறப்புவிழாப் பலகையோடும்.
அளந்தது ஆறு மட்டும்தான்.

"இர்மா ஷூல்ட்ஸின் வீட்டைப் பார்த்தாயா?
ஒரு அங்குலம் வளரவில்லை. கூரை ஒழுகுகிறது.
உங்கள் ஏட்டில் மட்டும் அது
வருடாவருடம் பெரிதாகிக்கொண்டே போகிறது.
அவள் உறைபெட்டியில் இருக்கும் மான்கறியையும்
சேர்த்து மதிப்பிடுகிறீர்களா?"

நானும் விடவில்லை.
அந்த ஜனவரியைச் சொன்னேன்:
பூஜ்யத்துக்குக் கீழே முப்பத்துநாலு,
இரவு இரண்டு மணி, பிரதான குழாய் வெடித்தது.
முழங்கால் தண்ணீரில் நின்றபடி
டுவெய்ன் மாக்கி விரல்களால் வால்வைத் தேடினான்.
விரல் இருந்ததா இல்லையா என்று
விடிந்த பிறகுதான் பார்த்துக்கொண்டான்.
"அவனும் அரசாங்கம்தானே, வெர்ன்?"

"டுவெய்னுக்கு நான் இரண்டு மடங்கு தருவேன்."
"எங்கிருந்து?"

காலணியில் ஒட்டியிருந்த சேற்றை
என் படியில் தேய்க்காமல்
ஓரமாகப் போய்ப் புல்லில் தேய்த்தார்.
பிறகு சொன்னார்:
"உன் அலுவலகம் வாரம் ஐந்து நாள் திறந்திருக்கிறது.
நாலு பேர் வருகிறார்கள்.
அதில் ஒருவன் நான், சண்டை போட."

சிரித்துவிட்டேன். அதுதான் சங்கடம்.
முதுகுக்குப் பின்னால் சொல்லியிருந்தால்
வெறுப்பதற்கு வசதியாக இருந்திருக்கும்.

இருநூற்றுப் பன்னிரண்டு. இருநூற்று ஒன்பது.
எண்ணியதும் நான்தான், மூன்று தடவை.
என் சீட்டு எந்தக் கட்டில் இருந்தது என்பது
எனக்கும் அந்தத் தகரப் பெட்டிக்கும்.

புது வருடத்தின் முதல் கூட்டத்தில்
குறிப்பெடுக்க நான் உட்கார்ந்திருந்தேன்.
தீர்மானம்: எழுத்தரின் பணிநேரம்
வாரத்துக்கு நாற்பதிலிருந்து இருபத்துநாலாக.
முன்மொழிந்தவர்: டோலெஃப்சன்.
எல்லோரும் தவறவிடும் அந்த 'ஃ' எழுத்தை
நான் விடவில்லை.
மூன்றுக்கு இரண்டு. நிறைவேறியது.

அடுத்தது: உறுப்பினர்களின் படித்தொகையை ரத்து செய்வது.
அதையும் அவர்தான் முன்மொழிந்தார்.
ஹீட்டர் உறுமிக்கொண்டிருந்தது. ஒருவர் பேனாவை மூடினார்.
*வழிமொழிய எவரும் இல்லை* என்று எழுதி
அந்த வரிக்குக் கீழே மட்டும்
கொஞ்சம் அதிகமாக இடம் விட்டேன்.

வீட்டுக்கு மூன்றாம் தெரு வழியாகத்தான் போகவேண்டும்.
சபை மூடிய குழிகளெல்லாம்
மறுபடியும் வாயைப் பிளந்திருந்தன;
கார் ஒவ்வொன்றிலும் விழுந்து எழுந்தது.
தபால்பெட்டிக்கு எதிரே வந்தபோது
ஸ்டியரிங்கை இறுகப் பிடித்துக்கொண்டேன்.

குலுங்கவில்லை.
குலுங்கியிருக்கலாம்.