காரணம்: மற்றவை

பெயர் கூப்பிடுவதும்
'உள்ளேன்' என்று எழுந்து நிற்பதும்
இந்தக் கல்லூரியில் எப்போதோ முடிந்துவிட்டன.
விரிவுரையாளர் திரையில் ஆறு இலக்கங்களைக் காட்டுவார்,
கைபேசிகள் ஒருமுறை அதிரும்.
வகுப்பு தொடங்கிப் பதினைந்து நிமிடம் வரைக்கும்
இருப்பவர் இருப்பவர்.
பிறகு வந்தவர்
அந்த மணிக்குப் பிறக்கவே இல்லை.

உட்லண்ட்ஸில், நான்காம் தளத்தில்,
உதவித்தொகைப் பிரிவில் உட்கார்ந்து
நான் இவர்களை எண்ணுகிறேன்.
பெரும்பாலும் முகம் தெரியாது, விழுக்காடு தெரியும்.
எழுபத்தைந்தும் மேலும் பச்சை,
கீழே சிவப்பு.
நடுவில் ஒரு நிறம் வைக்கலாம் என்று
யாருக்கும் தோன்றவில்லை.

தியோ வெய் லுன், தொண்ணூற்றொன்பது.
கைபேசி வந்தது சரி, நீ வந்தாயா என்று
போன மாதம் கூப்பிட்டுக் கேட்டேன்.
"என் ஃபோன் ரொம்ப ஒழுங்கு, மேடம்" என்று சிரித்தான்.
நிவேதன் சந்திரமோகன், எண்பத்தொன்று,
டெங்கிக் காய்ச்சல், மருத்துவச் சான்றிதழ் இரண்டு, சரி.
நூர் இர்டீனா ரஸாலி,
முந்நூறு மணி நேரத்தில்
இருநூற்று இருபத்து நான்கு.
எழுபத்து நான்கு புள்ளி ஆறு ஏழு.

ஒரு மணி நேரம்.
ஆயிரத்து இருநூறு வெள்ளிக்கு
ஒரே ஒரு மணி நேரம் குறைகிறது.

திங்கட்கிழமைக் காலைகள் வரிசையாகச் சிவப்பு.
சாங்கியில் பொட்டலக் கிடங்கில்
ஞாயிறு இரவு வேலை என்று
விண்ணப்பத்தில் அவளே எழுதியிருக்கிறாள்,
மறைக்கத் தெரியாத பிள்ளை.
அவற்றை நான் தொட முடியாது.
தூக்கத்துக்குக் குறியீடு இல்லை.

ஆனால் பதினேழாம் தேதி, வியாழன், ஒன்று முதல் இரண்டு.
மற்ற வியாழன் எல்லாம் பச்சை,
இது மட்டும் ஏன் என்று
அவள் மாணவர் எண்ணைத் தட்டினேன்.
எங்கள் வரிசைச்சீட்டு இயந்திரம் பதில் சொன்னது:

பி நாற்பத்தேழு.
சீட்டு எடுத்தது பன்னிரண்டு பத்து.
நோக்கம், தந்தையின் வருமானச் சான்று ஒப்படைக்க.
முகப்பு மூன்று.
அழைக்கப்பட்டது ஒன்று முப்பத்தொன்று.

மூன்றாம் முகப்பு நான்.
பன்னிரண்டே முக்காலுக்குத் திறக்க வேண்டியவள்.
அன்று கீழே கேண்டீனில்
குவெக் அம்மா ஹொக்கைடோ படங்களைக் காட்டினார்,
பனி, பனி, பனிக்கு நடுவே
தட்டில் ஒரு பெரிய நண்டு.
நான் இன்னொரு தே சியூ டாய் சொன்னேன்.
மழை வேறு.
மேலே வந்தபோது ஒன்று இருபத்தைந்து.

இப்போது முகம் வருகிறது, பாதி.
ஈரமான பை, சுவரில் சாய்ந்து தூங்கும் தலை.
எண் ஒளிர்ந்ததும் திடுக்கிட்டு எழுந்து
தாமதித்தது தான்தான் என்பதுபோல்
என்னிடம் மன்னிப்புக் கேட்டாள்.
பரவாயில்லை என்றேன்.
அந்தப் பரவாயில்லை
இன்று சாயங்காலம் முழுக்கப் பல்லிடுக்கில்.

காரணம் என்ற கட்டத்தைத் திறந்தால்
மருத்துவம், இறப்பு, தேசிய சேவை, நீதிமன்றம்,
கடைசியில் மற்றவை.
மற்றவைக்கு முப்பது எழுத்து தருகிறார்கள்.
'அலுவலகத் தாமதம்' என்று அடித்தேன்.
யாருடைய தாமதம் என்று தணிக்கையாளர் கேட்பார்,
கேட்பதற்குத்தான் அவருக்குச் சம்பளம்.
அழித்தேன்.
'வரிசையில் காத்திருந்தார்' என்று அடித்தேன்.
மழை பெய்தது என்பதுபோல் இருந்தது அது,
யாரும் செய்யாத ஒன்றுபோல்.
அழித்தேன்.

விளக்கை அணைக்கவா என்கிறார் குவெக் அம்மா.
அந்த ஓரத்தை மட்டும் அணையுங்கள் என்கிறேன்.

என் பணியாளர் எண்ணை இட்டு,
'மூன்றாம் முகப்பு நாற்பது நிமிடம் இருக்கையில் இல்லை'
என்று எழுதினால்
நீளம் அதிகம் என்கிறது திரை.
நாற்பதை எடுத்துவிட்டுக் கொஞ்சம் என்று போடலாம்.
கை அதன் மேல் ஒருமுறை நின்றது.
'மூன்றாம் முகப்பு' போனது, 'இருக்கையில்' போனது.
என் எண்ணும்
நாற்பது நிமிடம் இல்லை என்பதும் மிச்சம்.

திரை ஏற்றுக்கொண்டது.