முட்டைக் கணக்கு

ஹிர்ஷ்தால் என்றால் மான்பள்ளத்தாக்கு.
மான் ஒன்றுகூட இருந்ததில்லை அங்கே.
கப்பலிலிருந்து இறங்கி மாட்டுவண்டியில் வந்தவர்கள்
கங்காருவைத் தூரத்தில் பார்த்து
அவசரத்தில் வைத்த பெயராக இருக்கும்.

அந்தப் பெயரை அழித்தவன் நான்.
ரயில் நிலையப் பலகைக்கு இரண்டு பூச்சு வெள்ளை,
மேலே கறுப்பில் ஹார்லோ.
ஆறு ஷில்லிங் கூலி, தூரிகை என்னுடையது.
ஹார்லோ யாரென்று நிலைய அதிகாரியைக் கேட்டேன்.
யாரோ ஒரு தளபதி, என்றார்.
பிழையில்லாமல் எழுது, போதும்.

அது பதினேழாம் வருஷம்.
கோதுமை நன்றாக விளைந்திருந்தது.
லுத்தரன் பள்ளிக்குப் பூட்டு விழுந்து
பிள்ளைகள் வேலியோரம் முயல் பிடித்துக்கொண்டிருந்தார்கள்.
பாதிரியாரின் தொலைநோக்கி போயிற்று.
ஷிர்மர் வீட்டுத் துப்பாக்கி போயிற்று,
அந்த வீட்டுப் பையன் பென்னோவுக்கு
அதைவிட நல்ல துப்பாக்கியாக ஒன்றைக் கொடுத்து
அரசாங்கமே பிரான்சுக்கு அனுப்பியிருந்த சமயத்தில்.

அப்புறம் ஒட்டிலி ஷிர்மரின் நோட்டு.
பழைய ஜெர்மன் எழுத்து, முள்வேலி மாதிரி.
பக்கம் பக்கமாகத் தேதிகள், எண்கள்.
கான்ஸ்டபிள் அதைச் செத்த பாம்பைப் போல
நீட்டிப் பிடித்துக்கொண்டு போனார்.
அடிலெய்டில் மூன்று பேர் உட்கார்ந்து
சங்கேதத்தை உடைத்தார்களாம்:
பதினொன்று. கறுப்பி இடவில்லை.
எட்டு. நரி.

யார் சொன்னது என்று
அந்த அம்மாள் எவரிடமும் கேட்கவில்லை.
அவள் சமையலறைக்குச் சுண்ணாம்படித்தவன் ஒருவன்தான்.
பாரில், இரண்டாவது கோப்பையில்,
சிரிப்புக்காகச் சொன்னேன்.
சிரிக்கத்தான் செய்தார்கள்.

அக்டோபரில் தந்தி வந்தது, ஹார்லோ விலாசத்துக்கு.

மன்றத்து நினைவுப் பலகையில் பெயர் எழுதவும்
என்னையே கூப்பிட்டார்கள்.
பட்டியலில் 'ஷெர்மன், பி.' என்றிருந்தது.
படையில் சேரும்போது குமாஸ்தா காதில் விழுந்தது அதுவாம்.
எனக்குத் தெரியும் சரியான பெயர்.
பட்டியலில் உள்ளபடி எழுதினேன்,
தங்கச் சாயம், எழுத்துக்கு இரண்டு பென்ஸ்.

இருபத்தொன்றில் நோட்டு திரும்பி வந்தது,
கடைசிப் பக்கத்தில் ஊதா முத்திரை:
பரிசீலிக்கப்பட்டது.

முட்டை வாங்கப் போனபோது பார்த்தேன்.
மேசையில் திறந்து கிடந்தது.
முத்திரைக்குக் கீழேயே, ஒரு வரிகூட விடாமல்,
அன்றைய தேதி, ஒன்பது.
ஆறை எண்ணி என் தொப்பிக்குள் வைத்தாள்.
அதையும் குறித்தாள்.
பக்கத்தில் ஏதோ ஒரு சொல்.
என் பெயராக இருக்கலாம்.
அந்த எழுத்து எனக்குப் படிக்க வராது.