ஆறு கொண்டது

கோல் பதினாறு சாண்.
முனையில் பன்றி முத்திரை.
அளக்கப் போனவன் நான்,
ஓலைக்கட்டும் கட்டுச்சோறும் கொஞ்சம் பயமுமாக.

கொள்ளிடம் பிரிந்து மறுபடி கூடுமிடத்தில்
கோரைத்திட்டு.
முந்நூறு தலை, ஒரு காளி, ஏழு பரிசல்,
எண்ண நிற்காத எருமைகள்.
போன கணக்கில் நாற்பத்திரண்டு வேலி.

ஐப்பசி வெள்ளத்தில்
இடுப்பளவு நீரில் நின்றான் வீரட்டன் திட்டரையன்.
"வா கணக்கா, இங்கே தொடங்கு.
என் அப்பன் வாழைக்கொல்லை இது. கோலை ஊன்று."
எட்டி ஊன்றினேன்.
கை நழுவும் வரை இறங்கியது, தரை தட்டவில்லை.
அவன் ஆட்கள் சிரித்தார்கள்.
அவன் சிரிக்கவில்லை.

"மூழ்கின மண்ணுக்கும் வரி.
கீழ்க்கடையில் புதிதாய் ஒதுங்கின மண்
அரசனுக்குச் சொந்தம்.
எங்கள் பக்கம் மேய்ந்து அவன் பக்கம் கறக்க
ஆறென்ன அவன் வீட்டுப் பசுவா?
ஒருநாள் இதில் கால் நனைத்திருப்பானா?"

கோலை வாங்கி முழங்காலில் வைத்தான்.
முற்றின மூங்கில்.
முதல் தடவை வளைந்தது, இரண்டாம் தடவையும்.
மூன்றாவதில் முறிந்தது.
கலகம் அவ்வளவு மெதுவாகத்தான் தொடங்கியது.

மலைகளுக்கு அப்பால் செய்தி போய்
படை வந்து சேர ஆனி ஆகிவிட்டது.
அப்போது திட்டு, திட்டே இல்லை.
சுற்றிலும் மணல், குதிரைக் குளம்பு சுடும் மணல்.
பெண்களையும் எருமைகளையும் தென்கரை ஏற்றிவிட்டு
அவன் மேற்கே பார்த்துக்கொண்டிருந்தான்.
குடகில் மழையாம், யாரோ சொன்னார்கள்.
தண்ணீர் வரும்வரை தாங்கினால் போதும்.

ஆறு நாள் தாங்கினார்கள்.

தலையை மூங்கிலில் நட்டார்கள்.
அதற்கு ஒன்பதாம் நாள் விடியலில்
நுரையும் சருகுமாகப் புதுவெள்ளம் வந்தது,
ஒன்றும் தெரியாததுபோல.
கூடாரங்களை எடுத்தது. அந்த மூங்கிலையும் எடுத்தது.
யார் பக்கம் என்று கேட்டால்
எனக்குச் சொல்லத் தெரியாது.

தண்ணீர் வடிந்ததும் என்னைத்தான் அனுப்பினார்கள்.
புதுக் கோல், அதே முத்திரை.
முப்பத்தோரு வேலி மிச்சம் நின்றது.
பெண்கள் திரும்பி வந்து நாற்று விட்டிருந்தார்கள்.
ஒருத்தி நிமிர்ந்து என் கோலைப் பார்த்தாள்,
மறுபடி குனிந்துகொண்டாள்.

பரிசலிலேயே உட்கார்ந்து எழுதினேன்:
கோரைத்திட்டு, வேலி நாற்பத்திரண்டு.
ஆறு கொண்டது.
வரி இல்லை.

முறிந்த கோலின் முத்திரைப் பாதி
என் வீட்டுக் கொல்லையில் இருக்கிறது.
மனைவி அவரைக்கொடிக்கு ஊன்றியிருக்கிறாள்.
பன்றியின் மேல் கொடி ஏறிவிட்டது.
இந்த வருஷம் காய்ப்பு பரவாயில்லை.