உப்புத் தண்ணீர் வவுச்சர்

கடலுக்கு இருநூறு அடி தள்ளி நிற்கும் தோணிக்குக்
கடல்தண்ணீரை லாரியில் வாங்குகிறோம்.
நடுவில் துறைமுகத்தின் சுவர். சுவரில் கதவு இல்லை.
வாரம் இரண்டு நடை, நடைக்கு எழுநூறு,
வவுச்சரில் என் கையெழுத்து.
நனையாத பலகை சுருங்கும்,
இடுக்கில் அடித்த கலப்பத்துப் பஞ்சு உதிரும்,
கடலில் எட்டிப் பார்க்காத கரையான் வந்து குடியிருக்கும்.
தணிக்கைக்கு வந்தவர் கேட்டார்:
"மியூசியத்துக் கப்பலுக்கு எதுக்கும்மா தண்ணி?"
விடை எழுத எந்தப் படிவத்திலும் கட்டம் இல்லை.

விளக்கப் பலகைக்கு நூற்றைம்பது சொல் என்று உத்தரவு.
அணியத்தில் பெயிண்டைச் சுரண்டினோம்.
பச்சைக்குக் கீழே ஃபத்ஹுல் பாரி.
நீலத்துக்குக் கீழே பாலசுப்பிரமணியம்.
சுறா எண்ணெய் ஊறிக் கறுத்த மரத்தில்
பாதி 'மரிய',
மீதிக்கு ஓர் ஆணித் துளை.
முதலாளி மூன்று, சாமி மூன்று,
ஓட்டை ஒன்று:
அமரத்துப் பக்கம், வலப்புறம்.
எல்லோரும் அடைத்திருக்கிறார்கள்.
ஒருவரும் சரியாக அடைக்கவில்லை.

பழைய பேரேட்டில் ஊர்:
'திருநெல்வேலி ஜில்லா, தூத்துக்குடித் துறை.'
போகும்போது வெங்காயம், வத்தல், ஓடு,
ஒருதரம் கொழும்பில் யார் வீட்டுக் கல்யாணத்துக்கோ
நாற்பது வாழைமரம், குலையோடு.
வரும்போது கொப்பரை, பழைய இரும்பு,
மாலத்தீவு மாசி.
ஒரு சித்திரையில் காற்று செத்து
பதினொரு நாள் நின்ற இடத்திலேயே நின்றிருக்கிறது.
'வெங்காயம் 600 மூடை. நாற்றம் தாளவில்லை.'
பெற்றுக்கொண்டவர் என்ற பத்தியில்
கணக்குப்பிள்ளை அழகாக எழுதியிருந்தார்:
கடல்.

இதெல்லாம் பலகையில் ஏறவில்லை.
'கடல் வாணிபத்தின் பெருமைமிகு சாட்சி' என்று
தொடங்கச் சொன்னார்கள்.
தொடங்கினேன்.

திறப்பு விழா முடிந்த ஆறாம் நாள் ஓர் அஞ்சலட்டை.
'நான் இஞ்ஞாசி. மேற்படி தோணியில் பண்டாரி.
கடைசி மூணு மாசச் சம்பளம் பாக்கி.
முதலாளி நொடிச்சுப் போனார்.
தோணி இப்போ உங்க கையில்.
ரூபாய் இரண்டாயிரத்து எழுநூறு.
வட்டி வேண்டாம்.'
கோப்பு மேலே போனது, கீழே வந்தது.
ஓரத்தில் பச்சை மை:
'காட்சிப் பொருளுக்குக் கடன் கிடையாது.'

ஒரு புதன்கிழமை அவரே வந்தார்.
"சம்பளம் கேக்க வந்தவன்ட்டயே துட்டு வாங்குதீய"
என்று சிரித்து டிக்கெட் எடுத்தார்,
மீதிச் சில்லறையை இரண்டுதரம் எண்ணினார்.
பிள்ளைகள் செல்ஃபி எடுக்கும் சுக்கான் பக்கம் போகவில்லை.
அடுப்பு இருந்த இடத்தில்
சிவப்பாகத் தீயணைப்பு உருளை.
"அதுவும் சரிதான்" என்றார்.
பிறகு குனிந்து, அடிப்பலகை மூடியைத் தூக்கி,
தோள்வரை கையை விட்டுத் துழாவினார்.
வெளியே வந்த கையில் தூசி.

"காஞ்சில்லா கெடக்கு.
ஒம்போது வருசம், ராத்திரி ரெண்டு மணிக்கு எந்திச்சு
இதுக்குள்ள இருந்து தண்ணி எறைச்சேன்.
சோறு பொங்கினதுக்கு இல்லம்மா,
எறைச்சதுக்குத்தான் அந்தத் துட்டு."

அப்போதுதான் லாரி வந்து நின்றது.
பையன் குழாயைத் திருப்பினான்.
"அமரத்துப் பக்கம் பீச்சாத லே, உள்ள எறங்கிரும்!"
இவர் கத்தியது
இறைப்பு மோட்டார் சத்தத்தில் போய்விட்டது.
தண்ணீர், வழி தெரிந்ததுபோல், உள்ளே இறங்கியது.
நாங்கள் இரண்டு பேரும் கேட்டுக்கொண்டு நின்றோம்.

அந்த மாதம் லாரி வந்தது எட்டு நடை.
வவுச்சரில் பன்னிரண்டு.
நூறு ரூபாய் கூடுதல்தான்,
வட்டி வேண்டாம் என்று அவர்தானே சொன்னார்,
நான் சொல்லவில்லையே.
தணிக்கை மறுபடி வந்தால்
விடை வைத்திருக்கிறேன்:
இந்த வருஷம் வெயில் ஜாஸ்தி சார்.
பலகை ரொம்பக் குடிச்சிட்டு.